ஒதுங்கி இருப்பவரெல்லாம் பைத்தியம் இல்லை



"இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லாத லயம் நம் கேமரன் மலையில் உண்டா? தனக்குத்தானே பேசுகிறவன், யாரோடும் ஒட்டாதவன், ராத்திரியில் கத்துகிறவன், எல்லாருக்கும் இந்த ஒரே தீர்ப்புதான். ஈப்போ பக்கத்தில் 1911-ல் திறந்த அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று பெயர் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி. பெயர் மாறியும் நம்ம வாய் மாறவில்லை. இப்படி எல்லாரையும் ஒரே கூடையில் போடுவதால், நோய் இல்லாதவன் அவமானப்படுகிறான். நோய் உள்ளவன் வைத்தியம் இல்லாமல் கெடுகிறான். என் அபிப்பிராயம் இதுதான்.

உங்கள் லயத்திலும் ஒருவர் இருப்பார். சின்ன வயதிலிருந்தே கூட்டாளி கிடையாது. தீபாவளிக்கும் அதே பழைய கம்பளிச் சட்டை. ஒன்றைக் கேட்டால் சுற்றி வளைத்து எங்கேயோ போவார். இரண்டு பேர் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று சந்தேகம். லோரி நம்பரில் தனக்கு ஏதோ சேதி இருக்கு என்பார். ஆனால் வேலைக்கு வருவார், கொழுந்து நிறுவையில் குறை இருக்காது. "அப்படி இல்லேண்ணே" என்று பொறுமையாகச் சொன்னால், "இருக்கலாம்" என்று யோசிக்கவும் செய்வார். இப்படிப்பட்ட போக்கு அளவு மீறி, மனிதரின் வாழ்க்கையையே குறுக்கிவிட்டால், டாக்டர்கள் அதை ஸ்கீஸோடைப்பல் குணக்கோளாறு என்கிறார்கள்.

மனச்சிதைவு நோய், ஸ்கீஸோஃப்ரினியா என்பது வேறு. அங்கே பார்க்க வேண்டியது மாற்றம். நேற்றுவரை பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில், கொஞ்சம் கொஞ்சமாக மாறுவான். தூங்கமாட்டான், குளிக்கமாட்டான். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். அம்மா போட்ட சோற்றில் விஷம் என்பான். ஊரே கூடிச் சொன்னாலும் அந்த எண்ணம் அசையாது.

இரண்டுக்கும் சொந்தம் உண்டா? உண்டு. 1960-களில் டென்மார்க் நாட்டில், தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்தவர்களை ஆராய்ந்தார்கள். மனச்சிதைவு வந்தவர்களின் ரத்த உறவுகளிடம் அந்த நோயும், நோய் என்று சொல்ல முடியாத அந்த விசித்திரச் சுபாவமும் அதிகமாகத் தெரிந்தன. வளர்த்த குடும்பத்தாரிடம் அப்படி இல்லை. ஆக, வளர்ப்பு சரியில்லை என்று தாயைத் திட்டுவது அநியாயம். இந்த வழியில்தான் 1980-ல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் நூலில் ஸ்கீஸோடைப்பல் என்ற பெயர் ஏறியது. அவர்கள் அதைக் குணக்கோளாறுகளோடு வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனமோ மனச்சிதைவுக் குடும்பத்திலேயே வைத்தது. படித்தவர்களுக்கே எல்லை இழுப்பது இவ்வளவு கஷ்டம், நாம் தண்ணீர்க் குழாயடியில் நின்று தீர்ப்புச் சொல்கிறோம்!

சொந்தம் என்றதும் பயப்பட வேண்டாம். விசித்திரச் சுபாவம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வருவதே இல்லை. தாய் தகப்பனில் ஒருவருக்கு நோய் இருந்தால், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம். மீதி ஒன்பது பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பெண் கொடுக்கும்போது மட்டும் ஞாபகம் வருகிறது. வம்சத்தில் நோய் உள்ள பிள்ளைகள் கஞ்சாவைத் தொடவே கூடாது. அது ஆபத்தைக் கூட்டும்.

முனீஸ்வரர் நடமாட்டம், செய்வினை என்றெல்லாம் நம்புவது நோயா என்று கேட்பீர்கள். லயமே நம்புகிற ஒன்றை ஒருவர் நம்பினால் அது நோய் இல்லை. திருவிழாவில் சாமி வந்து ஆடி, விபூதி போட்டதும் மறுநாள் மலைக்கு வேலைக்குப் போகிறவர் நோயாளி இல்லை. அவருடைய வீட்டாரே "இது நம்ம சாமி மாதிரி இல்லையே" என்று முகம் சுளிக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். பூசாரியிடம் போவதை நான் தடுக்கவில்லை. அதற்காக ஆஸ்பத்திரியை ஆறு மாதம் தள்ளிப்போடுவதைத்தான் எதிர்க்கிறேன். வைத்தியம் தாமதமாக ஆக, குணமாவதும் கஷ்டமாகிறது.

கட்டிப்போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். குணமாகட்டும் என்று ஆசையோடு வீட்டார் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள் அவர்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பதும் இன்னொரு விதமான சங்கிலிதான், அதில் மாட்டுவது ஒரு பெண்.

1950-களிலிருந்தே இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு மாதம் ஒரு ஊசியாகவும் போடலாம். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள் பாருங்கள், நோய் திரும்புவது பெரும்பாலும் அங்கேதான். விசித்திரச் சுபாவம் மட்டும் உள்ளவருக்கு மருந்தைவிட, கேலி செய்யாத நாலு பேர் வேண்டும்.

வேலை போய்விடுமோ என்று மறைக்காதீர்கள். வேலைச் சட்டத்தில் மருத்துவ விடுப்பு, சேவைக் காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். டாக்டர் சீட்டு இருந்தால் காய்ச்சலுக்கு உள்ள உரிமை மனநோய்க்கும் உண்டு. மறுத்தால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். நீண்ட நாள் நோயாளிக்கு சமூகநலத் துறையில் ஓ.கே.யூ. அட்டையும் கேட்கலாம், மனநோய்க்கென்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது.

முதலில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று டாக்டர் எழுதித் தருவார். தூக்கம், பேச்சு, சாப்பாடு எந்த மாதத்திலிருந்து மாறியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மாத்திரைச் சீட்டு, போமோ கொடுத்த பொடி எதுவானாலும் கூச்சப்படாமல் கையோடு எடுத்துப் போங்கள்.