பெயரையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்

அகத்தியர்கூடம் ஏறப் போகிறவர்களுக்குப் போனக்காடு என்றால் வனத்துறைச் சாவடி. யூடியூப் பார்ப்பவர்களுக்கு ‘பேய் பங்களா’. திருவனந்தபுரம் மாவட்டம் விதுரா பஞ்சாயத்தில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களிடமும், அவர்களுக்கு வெகுகாலம் முன்பே காட்டில் இருந்த காணிப் பழங்குடி மக்களிடமும்தான் அந்த மலையின் பெயர்கள் இருக்கின்றன. தோட்டம் முடங்கிவிட்டது. சம்பள பாக்கிக்குக் காத்து அலுத்த குடும்பங்கள் மலையிறங்குகின்றன. ஓடை, பாறை, மேடுகளின் பெயர்களை அவர்கள் வாயிலிருந்து கேட்டு, அரசுப் பதிவேட்டில் இப்போதே எழுதியாக வேண்டும்.

மலையேற்றப் பாதையில் உள்ள பெயர்கள் பிழைத்துக்கொண்டன. வனத்துறைக்கு அவை தேவைப்பட்டன. அட்டையாறு, ஏழுமடக்கந்தேரி, முட்டிடிச்சான் மலை, பொங்காலைப்பாறை. எங்கே அட்டை கடிக்கும், எங்கே வழி மடங்கி மடங்கி ஏறும், எங்கே முட்டி இடிக்கும் என்று நடந்தவர்கள் வைத்த பெயர்கள். இவ்வளவு சிக்கனமான எச்சரிக்கைப் பலகையை எந்தத் துறையும் எழுதியதில்லை. பாதையை விட்டு நூறடி விலகினால் கதை வேறு. கரமனையாற்றில் வந்து விழும் சின்ன ஓடைகளுக்கு வரைபடத்தில் ஒரு நீலக் கோடு கிடைத்தால் அதிகம்.

இது பழம்பெருமை பேசும் வேலையல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் இருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மாண்டார்கள். அப்படியொரு இரவில் எந்த ஓடை உடைத்துக்கொண்டது என்று போனில் கத்துகிறவருக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். கேட்கிற அதிகாரியின் மேசையில் இருக்கும் வரைபடத்திலும் அதே பெயர் வேண்டும்.

புதுச் சட்டம் வேண்டாம். புதுக் கமிட்டி வேண்டவே வேண்டாம், இருப்பவை போதும். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சிதோறும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். செடிக்கு உள்ளூர்ப் பெயர் கேட்டு எழுதுகிறார்கள். அந்தச் செடி நிற்கும் ஓடைக்கும் கேட்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்? இடப்பெயரைக் காப்பதும் அரசின் வேலையா என்று கேட்டால், வேல்ஸில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரலாற்று இடப்பெயர்களின் பட்டியலைப் பராமரிப்பதை அரசின் கடமையாகவே ஆக்கியது.

அதிகாரிகளின் தயக்கம் நமக்குத் தெரியும். பெயரை எழுதினால் நாளை நிலத்துக்கு உரிமை கேட்பார்களே! கேட்கலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் புனித இடங்களையும் சான்றாக ஏற்கின்றன. காணிகளுக்குச் சான்று கிடைத்துவிடும் என்பது எழுதுவதற்கான காரணமே தவிர, எழுதாமல் விடுவதற்கானது அல்ல. இதே போனக்காட்டில் குரிசுமலைச் சிலுவைகள் 2017இல் உடைக்கப்பட்டு, மறைமாவட்டமும் வனத்துறையும் மோதிக்கொண்டதையும் சிலர் நினைவுபடுத்தி, பெயரை எழுதினால் தகராறு வளரும் எனலாம். ஒரு மலைக்கு மூன்று பெயர் இருந்தால் மூன்றையும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதோடு. பதிவேடு தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தரின் காதுக்குப் பழகிய மலையாளமாகப் பெயர்களைத் திருத்திவிடும் ஆபத்துதான் பெரிது. ஆகவே மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, குரலையும் பதிவுசெய்ய வேண்டும். வெளியில் சொல்லக் கூடாது என்று காணிகள் கருதும் இடங்களை அவர்கள் சொன்னபடியே விட்டுவிட வேண்டும்.

ஜனவரியில் மலையேற்றம் தொடங்குவதற்குள் முதல் பட்டியல் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். ‘இது தப்பு’ என்று சொல்ல வரும் பாட்டிகளுக்கென்று அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டு வையுங்கள்.