கேட்பதோடு நின்றால்?

தொழிலாளரின் மனக்குறையை அறியும் பொருட்டு ஓர் ஆலை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தனித்தனியே அழைத்துப் பேச வைத்தது என்றால், அன்பார்ந்த வாசகர்களே, வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த சிசரோ என்னுமிடத்தில், தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த ஹாதார்ன் ஆலையில் நிகழ்ந்தது இது.

1924-இல் அங்கே விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் ஆராய்ந்தனர். தெளிவான விடை கிட்டவில்லை. 1927-இல் சில பெண்களைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி பொதுவாக உயர்ந்தது. மேலோர் காட்டிய அக்கறையே காரணம் எனப் பின்னர் பலர் எழுதினர். அவ்வறையில் ஊதியக் கணக்கும் மாற்றப்பட்டிருந்தது. அதை ஏனோ பலர் சொல்வதில்லை. ஒத்துழைக்கவில்லை, அளவுக்கு மீறிப் பேசுகின்றனர் என்று இரு பெண்கள் 1928 சனவரியில் அவ்வறையினின்று நீக்கப்பட்டனர் என்பதையும்தான்!

அதே ஆண்டில்தான் பேட்டிகள் தொடங்கின. முதலில் வினாப் பட்டியலோடு சென்றனர். தொழிலாளரோ கேட்டதை விடுத்துத் தம் நெஞ்சில் கிடந்ததையே பேசினர். எனவே பட்டியலைக் கைவிட்டு, அவர்கள் போக்கிலேயே பேச விட்டனர். அரைமணிப் பேட்டி ஒன்றரை மணியாக நீண்டது. கிடைத்த செய்திகள், பெயர்கள் மறைக்கப்பட்டு, மேற்பார்வையாளரின் பயிற்சிக்கும் பயன்பட்டன. இது மெய்யாகவே நற்பணி.

ஆயினும் அங்கிருந்து வந்த கதையொன்று என்னை உறுத்துகிறது. ஆலையின் உணவு விடுதியைப் பற்றி ஒரு பெண் நெடுநேரம் குறை கூறினாராம். சில நாள் கழித்து, உணவு திருந்திவிட்டது என்று பேட்டி கண்டவருக்கு நன்றி சொன்னாராம். உண்மையில் உணவில் எம்மாற்றமும் செய்யப்படவில்லை! மனம்விட்டுப் பேசினாலே பாரம் குறையும் என்பதற்குச் சான்றாக இதை எடுத்துரைப்பர். குறையும்தான். நம் இல்லங்களிலும் காண்கிறோமே: மனைவி சொல்வதைக் கணவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாலே பாதிக் கோபம் தணிகிறது. ஆனால் அந்த உணவு உண்மையிலேயே கெட்டிருந்தால்? நன்றி பெற்ற நிருவாகம் சமையலறைப் பக்கம் எட்டியேனும் பார்த்திருக்குமா? செவிகொடுப்பதே செலவில்லாத மருந்து எனக் கண்டுகொண்ட முதலாளி, மற்ற மருந்துகளைத் தேடுவாரா?

1930-ஐ அடுத்துப் பொருளாதார மந்தம் முற்றியபோது பேட்டிகள் நிறுத்தப்பட்டன. மனந்திறந்து பேச அழைக்கப்பட்ட அதே ஆலையில், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து வெளியேறினர்.