தழும்பை அளக்கும் அவசரம்

ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தடித்துப்போகும் நோய். இதில் இடது கீழறைத் தசையில் தழும்பு 15 சதவீதத்தை எட்டினால் திடீர் மரண ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று, சுமார் 1,300 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014இல் காட்டியது. இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை நெஞ்சுக்குள் பொருத்துவதா வேண்டாமா என்று மருத்துவர் யோசிக்கும்போது பார்க்கும் எண்களில் இதுவும் ஒன்று. அந்த எண்ணைக் கணக்கிடும் வேலை இப்போது மென்பொருளின் கைக்குப் போகிறது. போகிற வேகம்தான் கவலை தருகிறது.

காடோலினியம் ஊசி போட்டுப் பத்து இருபது நிமிடம் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். பார்க்கச் சுலபம். ஆனால் தழும்பு விடும் இன்னொரு நோயான மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் தழும்பு தசையின் உட்பக்கத்திலிருந்து தொடங்குவது. அதை ஒட்டியே ரத்தம், அதுவும் வெளுப்பாகவே தெரியும். இரண்டையும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதில் கைதேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். படமெடுப்பவர் நேர அமைப்பைக் கொஞ்சம் தவறவிட்டால் நல்ல தசையும் சாம்பல் பூத்துவிடும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் அந்தப் படத்தை ஒதுக்கிவைப்பார். மென்பொருளோ தசமப் புள்ளியோடு ஒரு விடையைத் தந்துவிடக்கூடும்.

எவ்வளவு வெளுத்தால் தழும்பு என்பதிலேயே ஒருமித்த கருத்து கிடையாது. 2011இல் லண்டன் ஆய்வாளர்கள் ஏழு முறைகளில் அளந்து பார்த்தபோது, முறையைப் பொறுத்துத் தழும்பின் அளவு மூன்று மடங்கு வரை மாறியது. ஒரே நோயாளி ஓர் ஆஸ்பத்திரியில் 15க்குக் கீழும் இன்னொன்றில் மேலும் நிற்கலாம்.

செயற்கை நுண்ணறிவு தானே கற்றுக்கொள்ளும் என்பார்கள் விற்பவர்கள். எதைப் பார்த்து? இதயத் தழும்பை அளக்கும் மென்பொருள்களுக்காக 2020இல் நடந்த எமிடெக் போட்டிக்குத் தரப்பட்ட 150 பேரின் படங்களும் பிரான்ஸின் டிஜோன் மருத்துவமனையிலிருந்தே வந்தவை. பெரும்பாலும் வெள்ளையரின் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த இதய எம்ஆர்ஐ மென்பொருளின் துல்லியம் மற்ற இனத்தவரிடம் குறைவதை லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு 2021இல் காட்டியது. அது இதய அறைகளின் எல்லையை வரையும் மென்பொருள் என்பது உண்மைதான். எல்லை பிசகினால் தழும்பின் சதவீதமும் பிசகும்.

மென்பொருளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கையால் கோடு வரைவது அலுப்பான வேலை, அலுத்த கையும் தவறும். ஆனால் எந்த முறையில் அளந்தது, எந்தப் பதிப்பு, கோட்டைச் சரிபார்த்த மருத்துவர் யார் என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் அச்சாக வேண்டும். இந்திய நோயாளிகளின் படங்களில் சோதித்து முடிவை வெளியிடாத மென்பொருளுக்கு இங்கே உரிமம் தரக்கூடாது. 2020 முதல் மருத்துவ மென்பொருளும் நம் சட்டத்தில் மருத்துவக் கருவிதான். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கேட்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.