நடுக்கோடு தெரியும் டயர்

பிரசுரத்துக்கு வரும் மாதிரிக் கார்களின் படங்களில் பெயின்ட் வேலைக்குக் குறை சொல்ல முடிவதில்லை. எஞ்சினில் பிளக் ஒயர்கூட இழுத்திருக்கிறார்கள். டயர் மட்டும் கிட்டிலிருந்து எடுத்து மாட்டியபடியே இருக்கிறது: வினைலின் பளபளப்பு மாறாமல், ட்ரெட்டின் நடுவே அச்சுக்கோடு வட்டமாக ஓடுகிறது.

1/24 அளவில் அந்தக் கோடு 0.1 மி.மீ. உயரம் இருந்தாலும், நிஜ டயரில் அது 2.4 மி.மீ. மேடு. சாலையில் ஓடிய எந்த டயரிலும் அது நிற்காது. ஆனால் இதே கணக்கு உப்புத்தாளை எடுப்பவருக்கும் எச்சரிக்கைதான். புதுக் கார் டயரின் ட்ரெட் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீ.; 1.6 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றியாக வேண்டும். 1/24இல் இந்த இரண்டுக்கும் இடையே உள்ளது கால் மில்லிமீட்டர்தான். கிட்டுகளில் பள்ளங்கள் கொஞ்சம் ஆழமாகவே வார்க்கப்படுவதால் பலர் தப்பிக்கிறார்கள்.

எனவே 400 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர், பொறுமை. டயரை ஒரு கம்பியில் இறுக்கமாகச் செருகி டிரில்லில் சுழற்றலாம். வேகம் மிகக் குறைவாக இருக்கட்டும். சூடேறினால் வினைல் தேயாது, இழுபடும். பிடிகொடுக்காத மென்மையான டயரைச் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இறுகி, ஒழுங்காகத் தேயும். சுழற்றி முடித்ததோடு நிறுத்துபவர்களே அதிகம். பந்தயக் காரின் ஸ்லிக் டயரைக் கூர்ந்து பார்த்தால், ரப்பர் ஓட்டத் திசைக்குக் குறுக்காக வரிவரியாய்ச் சுரண்டுபட்டிருக்கும்; கடைசி இழுப்பைக் கையால் குறுக்காக இழுத்தால்தான் அது வரும். சக்கரம் உள்பக்கம் சாய்ந்து நிற்கும் கார்களில் டயரின் உள்விளிம்பு கூடுதலாகத் தேயும். இதைச் செய்து காட்டியவர்கள் அரிது.

1998 முதல் 2008 வரையிலான ஃபார்முலா 1 கார் கட்டுபவர்கள் கையை இன்னும் கட்டுப்படுத்த வேண்டும். அந்த ஆண்டுகளில் விதிப்படி டயரில் நீளப் பள்ளங்கள் உண்டு. ஆழம் வெறும் 2.5 மி.மீ. ஆர்வத்தில் தேய்த்துத் தள்ளினால் 2009இல் திரும்பி வந்த ஸ்லிக் டயர் கையில் இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்றுதான். நிஜ டயர் கறுப்பு அல்ல. தேய்த்த பரப்பே பாதி வேலையைச் செய்துவிடும். மீதிக்கு சாம்பல் கலந்த மங்கல் அக்ரிலிக் போதும். எனாமலை வினைலில் பூசாதீர்கள், மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். வினைலை மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து பிளாஸ்டிக் ரிம்மையும் அரிக்கும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

ஷோரூமில் நிற்கும் புதுக் காரைக் கட்டுகிறேன் என்பவருக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அவர் அச்சுக்கோட்டை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் பாடியில் சேறும் கல்லடியும் காட்டிவிட்டு டயரைப் புதிதாக விடுவது அரைகுறை வேலை. போட்டி நடுவர்கள் அதற்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும்.

படம் அனுப்பும் வாசகர்கள், இனி ட்ரெட் நேராகத் தெரியும்படி முன்சக்கரத்தைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.