நிறத்தை உரித்தால் பழசாகிவிடுமா?

1986-ல் பாகூர் ஏரிக்கரையில் நின்று நான் எடுத்த வண்ணப்படம் ஒன்று உண்டு. பேரன் அதைக் கைபேசியில் ஏற்றி, ஒரு தட்டு தட்டிக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொண்டுவந்தான். "இப்பதான் தாத்தா, பழைய போட்டோ மாதிரி இருக்கு!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய போட்டோதானே அது! அதை எதற்குப் பழைய போட்டோ 'மாதிரி' ஆக்க வேண்டும்?

கடலோ, வயலோ, எதைக் கண்டாலும் நிறத்தை உரித்துவிட்டு 'கிளாசிக்' என்கிறார்கள். நம் இளமையில் கறுப்பு வெள்ளையாக இருந்தது பிலிம்தான், ஊர் அல்ல. கொன்றை அன்றும் மஞ்சளாகத்தான் பூத்தது.

கறுப்பு வெள்ளைக்கு நான் விரோதி இல்லை. அமெரிக்கரான அன்செல் ஆடம்ஸ் 1927-ல் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் பில்டர் போட்டு எடுத்தார். தான் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று தோன்றவே, மிச்சமிருந்த பிளேட்டில் அடர்சிவப்பு பில்டர் போட்டு மறுபடி எடுத்தார். நீலவானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. எந்த நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும் என்று அவர் யோசித்துச் செய்தார்.

ஒரு தட்டில் மாற்றும் செயலி யோசிப்பதில்லை. வழக்கமான கணக்கு ஒன்று உண்டு: சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 விழுக்காடு எடுத்துக் கூட்டிச் சாம்பலாக்குவது. அந்தக் கணக்கில் பிளாம்புவாயான் மரத்தின் செம்பூவும் பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். மரம் பூத்திருக்கிறதா என்பதே தெரியாது.

என் படத்துக்கும் அதே கதிதான். முன்னால் நாற்றங்காலின் இளம்பச்சை, அப்பால் அறுப்புக்கு நின்ற நெல்லின் மஞ்சள். பேரன் காட்டியதில் இரண்டும் ஒன்றே. அந்த வயலில் இன்று மனைக்கல் நட்டிருக்கிறது. அங்கே என்ன விளைந்தது என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சாட்சி அந்த இரண்டு நிறங்கள்தான்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அடிக்கடி 'நுவார் சுர் பிளான்' என்பார். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிவைத்ததே ஆதாரம் என்று பொருள். காலமெல்லாம் கோப்பு பார்த்த குமாஸ்தா நான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இந்தப் படத்தில் நிறம்தான் ஆதாரம். கோப்பில் ஒரு பத்தியை அழித்துவிட்டு 'பார்க்க அழகாயிருக்கிறது' என்றால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

பேரனிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன். மூலப்படத்தின் மேல் கை வைக்காதே, நகலில் செய். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி உள்ள செயலியில், பச்சையும் மஞ்சளும் பிரிந்து தெரியும்வரை உட்கார்ந்து செய்.

அதற்குப் பொறுமை இல்லையென்றால் விட்டுவிடப்பா, வயல் பச்சையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.