அக்டோபர் 10-க்கு மட்டும்தான் மனசு வலிக்குமா?

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 10 வந்தா போதும். உலக மனநல நாள். 1992-ல இருந்து கொண்டாடுறாங்க. காலேஜ் பசங்க வெள்ளைத் தொப்பி மாட்டிக்கிட்டு, கையில தட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் கிளம்பிடுவாங்க. பிரமுகர் ஒருத்தர் கொடி அசைப்பார். மறுநாள் பேப்பர்ல நாலு வரி வரும். அதோட அடுத்த அக்டோபர்தான்.

சும்மா வீட்டுல தூங்குறதுக்கு இது மேல்தானேன்னு கேட்பீங்க. மேல்தான். ஆனா சைக்காலஜி படிக்கிற பிள்ளைங்களோட மன்றம் 'சமூக சேவை'ன்னு கிளம்பும்போது இதோட நின்னுடலாமாங்கிறதுதான் என் கேள்வி.

நான் பார்த்தவரைக்கும் இந்த சேவையில மூணு வகை இருக்கு. ஒண்ணு ஊர்வலம். ரெண்டாவது இல்லத்துக்குப் போய் பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, ரெண்டு பாட்டு பாடி, குரூப் போட்டோ எடுக்கிறது. மூணாவது கேள்வித்தாளை நீட்டி "உங்களுக்கு மன அழுத்தம் இருக்கா? ஆம் / இல்லை"ன்னு டிக் வாங்கிட்டு வந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் போடுறது. டிக் போட்ட ஆள் அப்புறம் என்ன ஆனார்னு யாருக்கும் தெரியாது.

அந்த குரூப் போட்டோ பத்தி ஒரு வார்த்தை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 24-ம் பிரிவுப்படி, மனநல நிலையத்துல சிகிச்சையில இருக்கிறவரோட படத்தை அவர் சம்மதம் இல்லாம ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. சட்டத்தை விடுங்க. ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு ஒருத்தர் முகத்தை வாங்கிட்டு வர்றது என்ன கணக்கு?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2015-16-ல நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநல ஆய்வுல, பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்குன்னு வந்துச்சு. அதுல பெரும்பாலானவங்க சிகிச்சைக்கே வந்து சேரலை. மருந்தே இல்லாத ஊரா நம்ம ஊரு? திண்டுக்கல்ல அரசு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. 2022 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல திறந்த 11 கல்லூரிகள்ல அதுவும் ஒண்ணு. டாக்டர் இருக்கார், மாத்திரை இருக்கு, காசும் கேட்கிறதில்லை. அப்புறம் எங்க இடிக்குது?

நத்தம் பக்கம் ஒரு கிராமம்னு வச்சுக்குவோம். மகனுக்கு மனச்சிதைவு. அம்மா கூலி வேலை. அவனைக் கிளப்பி, பஸ் ஏத்தி, ஓபி சீட்டு போட்டு, வரிசையில அவன் எழுந்து ஓடாம பார்த்துக்கிட்டு, மாத்திரை வாங்கித் திரும்பணும்னா அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ரெண்டு மாசம் இப்படிப் போவாங்க. அவன் கொஞ்சம் தேறினதும் "அதான் நல்லாயிட்டானே"ன்னு நிறுத்திடுவாங்க. இல்லைன்னா மாத்திரை போட்டா தூங்கிக்கிட்டே இருக்கான்னு நிறுத்திடுவாங்க. அப்புறம் நோய் திரும்ப வரும். கடைசியில சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6 மறந்திருக்காது. ஏர்வாடியில கொட்டகையில சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில செத்தாங்க. பெத்தவங்க கல்நெஞ்சுக்காரங்கன்னு அப்போ ரொம்பப் பேர் பேசினாங்க. எனக்கு அப்படித் தோணலை. கூட வர ஒரு ஆள் இல்லாத குடும்பம்தான் கடைசியில அங்க கொண்டுபோய் விடும்.

அந்த 'கூட வர ஒரு ஆள்' வேலையைத்தான் சைக்காலஜி மன்றம் எடுத்துக்கணும்னு சொல்றேன். சாதா வேலைதான். மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போறது. மாத்திரை தீர்ற தேதியை நோட்டுல குறிச்சு முன்னாடியே ஞாபகப்படுத்துறது. தூக்கம் வருது, கை நடுங்குதுன்னா தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்ல வைக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகைகள்ல மனநோயும் ஒண்ணு. பாதிப்பு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சான்றிதழ் கிடைச்சா பல சலுகைகளுக்கு வழி திறக்கும். அந்த ஃபாரத்தை நிரப்பி இ-சேவை மையத்துல உட்கார்ந்து முடிச்சுக் கொடுக்க ஒரு ஆள் வேணும். பட்டப்படிப்புப் பசங்களுக்கு இது ஒரு மத்தியான வேலை. அந்த அம்மாவுக்கு அது மலை.

நேரம் எங்கன்னு கேட்காதீங்க. 1969-ல தொடங்கின என்.எஸ்.எஸ். கணக்குல வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240. வாரம் 3 மணி நேரம், 40 வாரம். கணக்கு சரியா வருதா? 40 பேர் இருக்கிற மன்றம், ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சா 20 குடும்பம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல கேட்டு, குடும்பமும் சம்மதிச்சா மட்டும் போகணும். ஒரு பேராசிரியர் பொறுப்பு எடுத்துக்கணும். பசங்க படிப்பு முடிச்சுப் போகும்போது அடுத்த பேட்ச்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போகணும். பாதியில விட்டுட்டுப் போறதுக்கு ஆரம்பத்துலயே போகாம இருக்கலாம்.

"எம்.எஸ்சி. படிச்சுட்டு வரிசையில நிக்கணுமா, இது ப்யூன் வேலை"ன்னு சிலர் சொல்வாங்க. ஜிம்பாப்வேயில டிக்சன் சிபாண்டாங்கிற டாக்டர் 2006-ல இருந்து பாட்டிமாரை வச்சு ஒரு வேலை செஞ்சார். சுகாதார நிலையத்து வாசல்ல ஒரு பெஞ்ச். பயிற்சி வாங்கின பாட்டி உட்கார்ந்து கேட்பாங்க, வழி யோசிக்க உதவுவாங்க. அவ்வளவுதான். 2016-ல ஆய்வு முடிவு வந்தப்போ, வழக்கமான கவனிப்பை விட அந்த பெஞ்ச்ல உட்கார்ந்தவங்களுக்கு நல்லா குறைஞ்சிருந்துச்சு. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு திண்ணை.

பாட்டியெல்லாம் ஆப்பிரிக்காவுக்குத்தான் ஒத்து வரும்னா, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வாங்க. மனச்சிதைவு உள்ளவங்க வீட்டுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2014-ல வெளியாச்சு. கோவா, சதாராவோட காஞ்சிபுரமும் அதுல ஒரு இடம். டாக்டர் சிகிச்சையோட இந்த வீட்டு வருகையும் சேர்ந்தப்போ, பாதிப்பு ஓரளவு கூடுதலா குறைஞ்சது. பெரிய அதிசயம் இல்லை. ஆனா நிஜம்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். பூட்டு ஊர்க்காரங்க நாம, அதனால பூட்டுக் கதை :-) இலங்கையில கிராமத்துத் தற்கொலைகளைக் குறைக்கலாம்னு 180 ஊர்கள்ல ஆய்வு நடத்தினாங்க. பாதி ஊர்ல வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து வைக்கப் பூட்டுப்பெட்டி கொடுத்தாங்க. 2017-ல முடிவு வந்துச்சு. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் பெருசா வித்தியாசம் இல்லை. நல்ல மனசோட செஞ்சதுதான். ஆனா ஒரு பொருளைக் கையில கொடுத்துட்டு வந்தா சேவை முடிஞ்சதுன்னு ஆகாது. அவங்களாவது திரும்பிப் போய் எண்ணிப் பார்த்தாங்க. நம்ம பிஸ்கட் பாக்கெட்டை யார் எண்ணினா?

செய்யக் கூடாததும் இருக்கு. இளங்கலை ரெண்டாம் வருஷத்துல "உங்களுக்கு டிப்ரஷன்"னு சொல்றது வேண்டாம். கவுன்சிலிங்கும் வேண்டாம். கேட்ட கதையை ஹாஸ்டல்ல பேசக் கூடாது. "சாகலாம் போல இருக்கு"ன்னு யாராவது சொன்னா ரகசியம் காக்கிறேன்னு உட்காராம, பொறுப்பாசிரியருக்கும் டாக்டருக்கும் உடனே சொல்லணும்.

இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. 1947-ல டாக்டர் சௌந்தரம் அம்மா சின்னாளபட்டி பக்கம் வந்தப்போ தொடங்கினது ஒரு சின்ன க்ளினிக்தான். அவங்களும் ஜி. ராமச்சந்திரனும் சேர்ந்து வளர்த்த காந்திகிராமத்துல பசங்க கிராமத்துல போய்த் தங்கி வேலை பார்க்கிறது படிப்போட சேர்ந்த விஷயம். 2022 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகள்ல 'மனம்'னு மாணவர் மன்றங்களைத் தொடங்கினதும் நல்ல விஷயம். ஆனா மன்றம் ஆரம்பிக்கிறது ஒரு நாள் வேலை. ஒரே வீட்டுக் கதவை நாற்பதாவது வாரமும் தட்டுறதுதான் கஷ்டம்.

நம்மள்ல வாத்தியார்களும் இருக்கீங்க, காலேஜ் பசங்களும் இருக்கீங்க. இந்த அக்டோபர்ல ஊர்வலம் வேணும்னா போங்க. ஆனா அன்னைக்குச் சாயந்திரம் இருபது குடும்பத்தோட பட்டியல் கையில இருக்கட்டும். அடுத்த அக்டோபர்ல கொடி அசைக்க வர்றவர்கிட்ட போட்டோ காட்ட வேண்டாம். "இருபதுல இத்தனை பேர் மாத்திரையை நிறுத்தலை சார்"னு ஒரு வரி சொன்னா போதும்.

டிஸ்கி: மனசு சரியில்லைன்னா கூப்பிட 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். உங்களுக்குத் தேவைப்படலைன்னாலும் செல்லுல சேமிச்சு வைங்க.