தூக்குமுன் பாருங்கள்!

தோட்டத்தில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று கூக்குரல் எழுந்ததும் நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் ஓடுகிறோம். கையும் காலுமாகப் பிடித்துத் தூக்குகிறோம். கிடைத்த வண்டியில் கிடத்தி விரட்டுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் மூச்சு நின்றவரை வண்டியில் போட்டுக்கொண்டு லாபிஸ் ரோட்டில் பறப்பதால் மூச்சுத் திரும்பாது. இருதயம் நின்றால் சில நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்கிவிடும்.

முன்னாளில் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது, டிரஸர் இருந்தார். அவர்களைப் பதிவு செய்ய 1965-இல் சட்டமே வந்தது. இன்று பல தோட்டங்களில் அவ்விரண்டும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி சிகாமட்டில். 999-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அது செம்மண் பாதையில் திரும்பி நம் நிரையைக் கண்டுபிடிக்கும்வரை, விழுந்தவர் உயிர் பக்கத்து நிரைக்காரர் கையில்தான்!

ஆகவே, பார்க்கத் தெரிய வேண்டும். முதலில், நமக்கு ஆபத்து உண்டா? குளவி, பாம்பு, அறுந்த மின்கம்பி? இரண்டாவது, தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் வருகிறதா? மூன்றாவது, தலையை மெல்லச் சாய்த்து மோவாயை உயர்த்தினால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இதற்குப் பத்து விநாடி போதும். மூச்சில்லையேல் உடனே 999-ஐ அழைக்கச் சொல்லி, நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குலம் அமுங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். நான்காவது, இரத்தம் பீறிடுகிறதா? துணி வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐந்தாவது, வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறுகிறதா? அது பாரிசவாயுவாக இருக்கலாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு. பாம்பு கடித்தவரைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், அசையாமல் வைத்திருங்கள்.

கிராணிமாருக்கும் ஒரு சொல். “ஆள் மயக்கம், சீக்கிரம் வாருங்கள்” என்றால் போதாது. நினைவு உண்டா, மூச்சு உண்டா, எப்போது விழுந்தார், எந்த டிவிஷன், எந்த பீல்டு என்று சொல்லுங்கள். பாதை முனையில் மோட்டார் சைக்கிளோடு ஒருவரை நிறுத்துங்கள்.

இவற்றைப் படித்து மட்டும் கற்க முடியாது. கை பழக வேண்டும். தொழிலாளரின் பாதுகாப்புக்கு வேண்டிய பயிற்சியைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே நிர்வாகங்களை நாம் கேட்பது இதுதான்: டிவிஷனுக்கு இருவருக்காவது, வேலை நேரத்தில், சம்பளத்தோடு முதலுதவிப் பயிற்சி, பால் கொட்டகைதோறும் ஒரு முதலுதவிப் பெட்டி. நம்மோடு உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் இதில் சேரட்டும்.

தோழர்களே! இது தர்மமல்ல, உரிமை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக்குங்கள். பயிற்சிக்கு முதல் பெயராக உங்கள் பெயரையே கொடுங்கள்!